யாருடைய பேர் வெட்டப்படுகிறது?

(ஹட்டனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2020ஆம் ஆண்டின் தொடக்கம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து இந்தியா எங்கும் தெருவில் ஆர்ப்பாட்டம். அந்த நேரம் பார்த்து, சென்னையில் ஆர்.எஸ்.எஸ். நடத்தும் நிகழ்ச்சி ஒன்றில் சோஹோ மென்பொருள் கம்பனியின் தலைவர் ஸ்ரீதர் வேம்பு கலந்துகொள்ளப் போகிறார் என்ற செய்தி வெளியில் வந்தது. டுவிட்டரில் அவரைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் சோஹோவைத் தொடமாட்டோம் என்றார்கள் சிலர். வேறு கம்பனிக்கு மாறுங்கள் என்று மற்றவர்களுக்கும் புத்தி சொன்னார்கள். வேம்பு அசைந்து கொடுக்கவில்லை. டுவிட்டரில் யார் என்ன திட்டுகிறார்கள் என்று பார்த்துத் தன் கருத்தை வகுத்துக்கொள்வதில்லை. உங்களுக்குப் பட்டதை நீங்கள் செய்யுங்கள், எனக்குப் பட்டதை நான் செய்கிறேன். எங்களுக்குச் சோறு போடுவது எங்கள் வேலை. இந்தப் பொருள்பட ஒரு பதிலை எழுதிவிட்டு, இதற்கு மேல் பதில் சொல்லமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார்.

அந்தத் துணிச்சலைப் பாராட்டியவர்களும் உண்டு, திமிர் என்றவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதே பதிலை அதே நாளில் ஒரு சாதாரண மென்பொருள் ஊழியர் எழுதியிருந்தால் அடுத்த மாதச் சம்பளம் அவருக்கு வந்திருக்குமா?

மலையகத்தில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வாயைத் திறந்ததற்காக வயிற்றில் அடிப்பது இந்த மலைகளுக்கு நன்றாகப் பழகிப்போன தண்டனை. யார் பேசினால் அடி விழும், யார் பேசினால் விழாது என்பதும் இங்கே பிரட்டுக் களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வேம்புவைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் கலாநிதிப் பட்டம் வாங்கி, குவால்கொம் கம்பனியில் வேலை பார்த்தவர். 1996இல் கூட்டாளிகளோடு தொடங்கிய அட்வென்ட்நெட்தான் 2009இல் சோஹோ ஆனது. வெளியார் முதலீடு வாங்காமல் வளர்த்த கம்பனி. 2019இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறைக்குக் குடிபோய், அங்கிருந்தே அதை நடத்தினார். வேட்டி கட்டிக்கொண்டு அவர் சைக்கிள் மிதிக்கும் படத்தை இங்கேயும் பலர் பகிர்ந்திருப்பீர்கள். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளைப் பட்டம் கேட்காமல் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துப் பழக்கி, வேலைக்கு எடுக்கும் சோஹோ ஸ்கூல்ஸ் என்ற ஏற்பாடு அவருடையது. உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இப்படி ஒன்று தலவாக்கலையில் இருந்திருக்கக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும்.

ஆக, பெரிய ஆள்தான். அந்தப் பெரிய ஆளுக்கு எதிர்ப்பு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஆண்டு, 2021இல், பத்மஸ்ரீ விருது. அதே ஆண்டு இந்தியாவின் தேசிய பாதுகாப்பு ஆலோசனைச் சபையில் ஓர் இடம். 2025 செப்டெம்பரில் ஒன்றிய அமைச்சர்களே சோஹோவின் 'அரட்டை' செயலியைப் பயன்படுத்துங்கள் என்று கூவினார்கள்; ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாட்களில் அது 3,50,000 ஆனது என்று வேம்புவே அறிவித்தார். ஒக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மின்னஞ்சலைச் சோஹோவுக்கு மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். ஒன்றிய அரசு ஊழியர்கள் சுமார் 12 இலட்சம் பேரின் மின்னஞ்சல் சோஹோவின் மேடைக்கு மாறியிருக்கும் செய்தியும் அதே மாதம் வந்தது. சரக்கு நல்ல சரக்காக இருக்கலாம். ஆனால் ஆட்சியில் இருப்பவர்களுக்குப் பிடித்த கருத்தைச் சொன்னதற்காக யாரும் இழந்ததாகச் சரித்திரம் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி முடிந்தது.

பிரெண்டன் ஐக் என்ற பெயர் இங்கே அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. அவர் செய்த பொருள் இல்லாத கைத்தொலைபேசி இந்த மண்டபத்தில் இல்லை. 1995 மே மாதத்தில் பத்தே நாட்களில் அவர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில்தான் இன்றைக்கு அனேகமாக எல்லா இணையத்தளங்களும் ஓடுகின்றன. பிறகு ஃபயர்பொக்ஸ் உலாவியைக் கொடுத்த மொஸில்லாவைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். 2008இல், கலிபோர்னியாவில் ஒரே பாலினத்தார் திருமணத்தைத் தடுக்கும் 8ஆம் இலக்கப் பிரேரணைக்கு 1,000 டொலர் நன்கொடை கொடுத்திருந்தார். 2014 மார்ச் 24ஆம் திகதி மொஸில்லா அவரைத் தலைமை நிர்வாகியாக்கியது. ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த 1,000 டொலர் மறுபடி மேலே வந்தது. மொஸில்லா ஊழியர்களே சிலர் விலகச் சொல்லி எழுதினார்கள். ஓகேகியூபிட் என்ற வரன் தேடும் தளம், ஃபயர்பொக்ஸில் வருகிறவர்களிடம் வேறு உலாவியில் வாருங்கள் என்று முகப்பிலேயே எழுதிவைத்தது. ஏப்ரல் 3ஆம் திகதி ஐக் பதவியை விட்டுப் போனார். நாற்காலியில் இரண்டு கிழமை கூட முழுதாக உட்காரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஓகேகியூபிட்டின் தலைவரே 2004இல், ஒரே பாலினத்தாரின் உரிமைகளுக்கு எதிராக வாக்களித்து வந்த ஓர் அரசியல்வாதிக்கு 500 டொலர் கொடுத்திருந்தார் என்பது கொஞ்ச நாளில் வெளிவந்தது. அவருடைய தளத்திலும் ஓடிக்கொண்டிருந்தது ஐக்கின் ஜாவாஸ்கிரிப்ட்தான். ஐக் அடுத்த வருடமே இன்னொரு கம்பனி தொடங்கி, பிரேவ் என்ற உலாவியைக் கொண்டுவந்தார். சோற்றுக்கு அவர் திண்டாடவில்லை.

இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்தான், இரண்டு பேருக்கும் எதிர்ப்பு வந்தது. ஒருவர் போனார், ஒருவர் இருந்தார். எவருடைய கருத்து அதிகம் கொடியது என்று தராசில் போட்டுப் பார்த்து யாரும் இந்தத் தீர்ப்பைக் கொடுக்கவில்லை. மொஸில்லா தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்கும் இலாபநோக்கற்ற நிறுவனம். அவர்கள் முகம் திருப்பினால் அது படுத்துவிடும். சோஹோவோ சொந்தக்காரர்களின் கையில் இருக்கும் கம்பனி. அதன் தலைவரை அனுப்ப வெளியில் இருந்து யாராலும் முடியாது. எதிர்ப்பின் பலம் கோபத்தின் அளவைப் பொறுத்திருக்கவில்லை. எதிரில் இருப்பவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்திருந்தது.

இன்னொரு வகையையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே கருத்து ஆளிடம் இல்லை, சரக்கிலேயே இருந்தது. 2022 மார்ச்சில், உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த கோபத்தில், நோட்-ஐபிசி என்ற இலவச நிரலின் ஆசிரியர் அதற்குள் ஒரு துண்டைச் செருகினார். கணினி ரஷ்யாவிலோ பெலாரூஸிலோ இருக்கிறது என்று தெரிந்தால், அதில் இருக்கும் கோப்புகளை அழித்து அந்த இடத்தில் இதயப் படத்தை எழுதிவிடும். போரை எதிர்ப்பது நல்ல காரியம்தான். ஆனால் அந்த நிரல் வேறு எத்தனையோ மென்பொருள்களுக்குள் உட்கார்ந்திருந்தது. யார் புட்டின் பக்கம் என்று கேட்டுக் கேட்டு அது அழிக்கவில்லை. ஊரெல்லாம் குடிக்கும் பீலியில் எதையோ கலந்துவிட்டு நோக்கம் நல்லது என்று சொல்வதைப் போன்ற காரியம் அது. அவரைப் போரெதிர்ப்பாளர்களே திட்டித் தீர்த்தார்கள். அந்தக் கோபம் நியாயம். கருத்தைச் சொன்னதற்கு வந்த கோபம் இல்லை அது. நம்பி வாங்கிய பொருளில் கைவைத்ததற்கு வந்த கோபம்.

இனி ஊழியர்களிடம் வருவோம். 2018இல் கூகுள், அமெரிக்க இராணுவத்தின் ட்ரோன் படங்களை ஆராய்வதற்கு 'மேவன்' என்ற திட்டத்தில் உதவிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான கூகுள் ஊழியர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் வேலையை விட்டே போனார்கள். கம்பனி இறங்கி வந்து அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டோம் என்றது. 2024 ஏப்ரலில் அதே கூகுளில், இஸ்ரேல் அரசோடு செய்த 'நிம்பஸ்' ஒப்பந்தத்தை எதிர்த்துச் சில டசின் பேர் அலுவலகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பொலிஸ் வந்தது. மறுநாளே 28 பேருக்கு வேலை இல்லை. அடுத்த நாட்களில் அந்தக் கணக்கு சுமார் ஐம்பதுக்குப் போனது. 2025 ஏப்ரலில் மைக்ரோசொஃப்ட் தன் 50ஆவது ஆண்டைக் கொண்டாடிய கூட்டத்தில் எழுந்து நின்று காஸாவைப் பற்றிக் கத்திய இரண்டு பெண் பொறியியலாளர்களும் வீட்டுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்து கையெழுத்துப் போட்டபோது துரை இறங்கி வந்தார். ஐம்பது பேராக நின்றபோது பேரை வெட்டினார்.

பேர் வெட்டுவதைப் பற்றி ஹட்டனில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வெள்ளைக்காரரின் பேரை வெட்டிய கதையை இளைஞர்கள் கேட்டிருக்கிறார்களோ தெரியாது.

மார்க் அன்டனி பிரேஸ்கேர்டில். லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் தேயிலைத் தொழில் பழகுவதற்காக இலங்கைக்குக் கப்பலேறி, மடுல்கலையில் இருந்த ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தார். சின்னதுரைக்கும் கீழே, கிரீப்பர் என்று சொல்வார்களே, அந்த இடம். வயது இருபத்துமூன்று. துரைமார் கிளப்பும், பங்களாவும், அப்புவும், குதிரையும் காத்திருந்தன. இவர் லயத்தைப் பார்த்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கிறவர்களையும், காய்ச்சலோடு பிரட்டுக்கு வருகிறவர்களையும் பார்த்தார். தொழிலாளர் பக்கம் பேச ஆரம்பித்ததும் தோட்டம் அவரை வெளியே போகச் சொன்னது. போனவர் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய பேசினார். தோட்டத்து ஆட்கள் சுமார் இரண்டாயிரம் பேர் திரண்டிருந்தார்கள். சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா இந்த வெள்ளைக்காரரை மேடைக்கு அழைத்தார். அவர் எழுந்து, மேலே மலையில் தெரிந்த வெள்ளைப் பங்களாக்களைக் கையால் காட்டி, அங்கே இருக்கிறவர்கள் யாருடைய இரத்தத்தில் சொகுசாக வாழ்கிறார்கள் என்று கேட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆட்கள் "சாமி, சாமி" என்று சத்தம் போட்டார்களாம். இதைச் சொல்வது கட்சிக்காரர்கள் இல்லை. கூட்டத்தை வேவு பார்க்க வந்த பொலிஸ்காரரின் அறிக்கை. அவர் பேசிய தோரணையும் முகமும் பயமுறுத்துவதாக இருந்தன என்றும் அந்த அறிக்கை எழுதிவைத்திருக்கிறது. ஒரு மனிதனின் முகம் கூட அரச அறிக்கையில் குற்றமாக ஏறியது.

துரைமாருக்குப் பொறுக்கவில்லை. கறுப்பு மனிதர் ஒருவர் இதைப் பேசியிருந்தால் கிளர்ச்சிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பேசியவர் தங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ், போர்க்கால அவசரங்களுக்கென்று 1896இல் செய்துவைத்திருந்த ஒரு கட்டளையைத் தூசு தட்டி எடுத்து, 48 மணித்தியாலத்துக்குள் நாட்டை விட்டுப் போ என்று பிரேஸ்கேர்டிலுக்கு உத்தரவு போட்டார். அவர் போகவில்லை, தலைமறைவானார். மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் தேசாதிபதிக்கு எதிரான கண்டனப் பிரேரணை 34க்கு 7 என்று நிறைவேறியது. அன்றைக்கே காலிமுகத்திடலில் பெருங்கூட்டம். தேடப்பட்டுக்கொண்டிருந்த ஆள் மேடையில் வந்து நின்றார்! அப்புறம் பிடித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில் அவருக்காக எச்.வி. பெரேரா வாதாடினார். மே 18ஆம் திகதி பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ், பேச்சு உரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை நாடு கடத்த முடியாது என்று விடுவித்தார். கொஞ்ச காலத்தில் பிரேஸ்கேர்டில் தானாகவே கப்பலேறினார். 1999 வரை இங்கிலாந்தில் வாழ்ந்தார்.

அவருக்காகக் கட்சி நின்றது, வழக்கறிஞர் நின்றார், கொழும்பு நின்றது. அவர் வெள்ளைக்காரர் என்பதும் சேர்ந்து நின்றது. இதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனமில்லை. மூன்றே வருடம் கழித்து, 1940 ஜனவரி 10ஆம் திகதி, முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த கோவிந்தனுக்குக் கிடைத்தது பொலிஸின் துப்பாக்கிச் சூடு. நாடு கடத்தும் உத்தரவும் இல்லை, ஆட்கொணர்வு மனுவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய பேர் வெட்டு. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான். மற்றப் பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்துக்கு என்னென்னவோ காரணம் சொன்னார்கள். அந்த வாக்குகள் எங்கே போய் விழுந்தன என்பதும் ஒரு காரணம் என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் மறுப்பதில்லை. பிரசாவுரிமை போனது, பிறகு வாக்காளர் இடாப்பில் பேர் போனது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர் கூட வென்று பாராளுமன்றத்துக்குப் போகவில்லை. மறுபடியும் வாக்கால் தெரிவாகித் தொண்டமான் உள்ளே போனது 1977இல். தனி ஆளின் கருத்தை வைத்து ஒரு கூட்டத்தையே தண்டிக்கிறவர்களைப் பார்த்து உலகம் இப்போது அதிர்ச்சி அடைகிறது. இந்த மலையில் அதைச் சட்டமாகவே எழுதினார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு முரளியைப் பேசாமல் போக முடியாது. பலருக்கு இது வலிக்கும் பேச்சு. இரண்டு பக்கத்திலும் வலிக்கும்.

முத்தையா முரளிதரன். 1972இல் கண்டியில் பிறந்தவர். பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அப்பா பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 கலவரத்தில் அந்தக் குடும்பம் பட்டதை முரளியே சொல்லியிருக்கிறார், தொழிற்சாலை எரிந்தது. 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் பிரக்யான் ஓஜாவை ஆட்டமிழக்கச் செய்து 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது, லயத்துக் காம்பராக்களில் வெடி கொளுத்தாத தோட்டம் குறைவு.

அவருடைய அரசியல் பேச்சு வேறு. 2013 நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் யாழ்ப்பாணம் போய், காணாமல் போனவர்களின் தாய்மாரைப் பார்த்துவிட்டுக் கொழும்பு திரும்பினார். அவரைச் சந்தித்த முரளி, பிரதமரை யாரோ தவறாக வழிநடத்தியிருக்கிறார்கள் என்ற தொனியில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். மகனைத் தேடித் தெருவில் நிற்கும் ஒரு தாய்க்கு, தன் மொழி பேசும் ஒரு வீரரிடமிருந்து அந்த வார்த்தை வருவது எப்படி இருந்திருக்கும்! 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோத்தாபய ராஜபக்ஷவுக்கு ஆதரவாக நின்றார். 2009ஐ மகிழ்ச்சியான ஆண்டு என்று சொன்னதும் அவரைத் துரத்தியது. போர் முடிந்தது, இரு பக்கமும் சாவு நின்றது, அந்த அர்த்தத்தில் சொன்னேன், தமிழர் கொல்லப்பட்டதைக் கொண்டாடவில்லை என்று பிறகு விளக்கினார். விளக்கம் வருவதற்குள் காயம் ஆழமாகிவிட்டது. வேட்பாளருக்குத் தன் முகத்தைக் கடன் கொடுத்தவரை வாக்காளர்கள் கேள்வி கேட்பது அவதூறு ஆகாது. அந்தக் கேள்விகள் சரியான கேள்விகள்.

2020 ஒக்டோபரில் அவருடைய வாழ்க்கையைப் படமாக்கும் '800' என்ற படத்தில் விஜய் சேதுபதி நடிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. எம்.எஸ். ஸ்ரீபதி இயக்குநர். தமிழ்நாடு கொந்தளித்தது. பாரதிராஜா கடிதம் எழுதினார். கவிஞர் தாமரை எழுதினார். வைகோ, சீமான் போன்ற தலைவர்கள் பேசினார்கள். இது விளையாட்டு வீரரின் கதை, அரசியல் இல்லை என்று படக்குழு சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இலங்கையில் தமிழனாகப் பிறந்தது என் தவறா என்று முரளி அறிக்கையில் கேட்டார். ஒக்டோபர் 19ஆம் திகதி, தன்னால் ஒரு கலைஞரின் தொழில் கெட வேண்டாம், விலகிக்கொள்ளுங்கள் என்று முரளியே சேதுபதியைக் கேட்டுக்கொண்டார். நடிகர் நன்றி, வணக்கம் என்று இரண்டு சொல்லில் முடித்தார். அதோடும் நிற்கவில்லை. நடிகரின் சின்ன மகளைக் குறித்து வாயில் வரக்கூடாத மிரட்டல் ஒன்று டுவிட்டரில் வந்தது. சென்னைப் பொலிஸ் வழக்குப் பதிந்தது.

எதிர்த்தவர்கள் பெரும்பாலோர் அந்த மிரட்டலைக் கண்டித்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சொன்னவர் முரளி. அடி விழுந்தது, ஒரு வார்த்தையும் சொல்லாத நடிகருக்கு, பிறகு அவருடைய பிள்ளைக்கு. தேர்தலில் முரளி யாருக்காக நின்றாரோ அவருக்கு இதில் ஒரு கீறல் கூட இல்லை. கோத்தாபய 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடியது வேறு காரணத்துக்கு.

மலையகத்துக்கு இதில் இன்னொரு வருத்தம். முரளியைத் துரோகி என்று சென்னையில் பேசியவர்களில் எத்தனை பேருக்கு, யாழ்ப்பாணத் தமிழருக்கும் தோட்டத்துத் தமிழருக்கும் சரித்திரம் வேறு வேறு என்று தெரிந்திருந்தது? 1948இல் பிரசாவுரிமை பறிபோனதும், 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் மேசையில் உட்கார்ந்து 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டதும் அந்தக் கோபத்தில் எங்கேயும் வரவில்லை. கண்டியில் வியாபாரம் பண்ணும் ஒரு தமிழ்க் குடும்பம், 1977ஐயும் 1983ஐயும் பார்த்த குடும்பம், யாரோடு ஒட்டினால் பிழைக்கலாம் என்று கணக்குப் போடுவதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்றாவது தெரிந்துகொண்டு திட்டியிருக்கலாம். படம் கடைசியில் 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி மதுர் மிட்டல் நடித்து வெளிவந்தது. பார்த்தவர்களைவிட அதைப் பற்றிச் சண்டை போட்டவர்களே அதிகமாக இருப்பார்கள்.

தனி மனிதர்கள் வாங்கமாட்டோம், பார்க்கமாட்டோம் என்பது ஒன்று. அரசு பிடித்து உள்ளே போடுவது இன்னொன்று. இரண்டையும் 'எதிர்ப்பு' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள் மேல் கொஞ்சம் சந்தேகம் வைத்திருப்பது நல்லது. அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், 'நவரசம்' என்ற கவிதைப் புத்தகம் எழுதியதற்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டார். தீவிரவாதத்தை எதிர்த்தும் எழுதியிருந்த கவிதைகளில் தீவிரவாதம் இருப்பதாக அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது 2023 டிசம்பரில். 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. முகப்புத்தகத்தில் எழுதுவது பொய்யா மெய்யா என்று பார்ப்பதற்கு அதில் ஓர் ஆணைக்குழு. வேம்புவைப் புறக்கணிப்பவர் தன் காசைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். அந்த ஆணைக்குழுவோ மற்றவரின் வாயில் கைவைக்கலாம்.

கடைசியாக, இந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு. கொட்டகலையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் படித்துவிட்டுக் கொழும்பில் மென்பொருள் ஆபீஸ்களுக்கும் கோல் சென்டர்களுக்கும் போகிறீர்கள். தோட்டச் சம்பளத்தைப் பற்றியோ காணியைப் பற்றியோ ஒரு நாள் கோபத்தில் ஏதாவது எழுதுவீர்கள். எழுதத்தான் வேண்டும். அதை யாராவது படம் பிடித்து உங்கள் மேலாளருக்கு அனுப்பிவைக்கலாம்.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் நிற்கும்; தனியார் கம்பனி வேலையை விட்டு நிறுத்தினால் அந்தக் கதவைத் தட்ட முடியாது. தட்ட வேண்டியது தொழில் நியாயசபையை. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் அது இருக்கிறது. நியாயமில்லாமல் வேலை நிறுத்தினால் அங்கே கம்பனியைக் கேட்கலாம். தோட்டத்தில் சங்கத்துப் பிரதிநிதிகள் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய படி அது. தமிழ்நாட்டில் யுனைட் என்றும் கர்நாடகத்தில் கிட்டு என்றும் ஐ.டி. ஊழியர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. கூகுளில் கூட 2021இல் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். கொழும்பு ஆபீஸ்களில் பெரும்பாலும் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. உங்கள் அம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் சங்கத்துக்குச் சந்தா வெட்டுகிறார்கள். உங்கள் சம்பளத்தில் வெட்டுவதற்குச் சங்கமே இல்லை. வேலை நிறுத்திய கடிதம் கைக்கு வந்தால் திகதியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் தவணை.